நோண்டியது, நச்சரித்தது, முற்றவிட்டது

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். திருப்பதி ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, ஜன்னல் பக்கத்துக் கட்டில். டாக்டரம்மா வந்தபோது இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் (கட்டிலில்), நான், மகள் சுதா, அவர் தம்பி முனிரத்தினம், ஒரு நர்ஸ், பக்கத்துக் கட்டில் ஏர்பேட்டுக்காரர். டாக்டரம்மாவையும் சேர்த்து ஏழு பேர். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் ஊரில் யாராவது "நான் அங்கதான் இருந்தேன்" என்று ஆரம்பித்தால் அது பொய்.

கட்டைப் பிரித்தார்கள். வலது கால் கட்டைவிரல் கறுத்துப் போயிருக்கிறது. அடியில் புண், சுற்றிலும் மஞ்சள் கறை. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு, "எவரு பெட்டாரு ஈ பசுபு?" என்றார். யார் வைத்தது இந்த மஞ்சளை. நான்தான் என்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. காகிதத்தில் ஏதோ எழுதினார். திட்டியிருக்கலாம்.

முடிவு: கட்டைவிரலை எடுக்க வேண்டும். இன்றைக்கே என்றால் விரலோடு போகும். கையெழுத்தை அவர்தான் போட வேண்டும், நல்ல நினைவோடு இருக்கிறார், மகளோ பெண்டாட்டியோ போட்டால் செல்லாது.

அவர் சொன்னது: "விரல்னுதான் ஆரம்பிப்பாங்க. எங்க சித்தப்பாவுக்கும் விரல்தான். அப்பால பாதம், அப்பால முட்டி, அப்பால ஆளே இல்ல. நான் போடமாட்டேன்."

நான்: "அவ்ளோ படிச்சவங்க சொல்றாங்க. போட்டுடுங்களேன்."

அவர்: "நீ சும்மா கெட. நச்சு நச்சுனுகினு."

கொண்டுவந்தவை: போர்வை 2, பக்கெட், மக், பிளாஸ்க், அவர் லுங்கி 3, என் புடவை 2, சாமி படம் (சின்னது), இந்த நோட்டு. மறந்தது: சீப்பு, அவர் மூக்குக்கண்ணாடி.

நர்ஸ் நீலப் பேனாவால் கணுக்காலுக்குக் கீழே ஒரு கோடு போட்டாள். சிவப்பு அதுவரைக்கும்தான் இருக்கிறதாம். நாளைக்குக் கோட்டைத் தாண்டியிருந்தால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம். நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. "கெலகொத்தம்மா" என்று கையைத் தட்டிவிட்டாள். நோண்டாதே என்கிறாள்.

முனிரத்தினம் கிளம்பும்போது வராந்தாவில்: "அண்ணி, அண்ணன்கிட்ட எதுவும் பேசிக்கினு இருக்காதீங்க. நீங்க வாயத் தொறந்தா அவுரு இல்லைன்றாரு. நீங்களே ஏத்திவுடறீங்க."

ஒரே நாளில் மூன்று சொல் எனக்கு. நச்சு. நோண்டல். ஏத்திவிடல்.

காலைச் சர்க்கரை 312. மாலை 286.


ஐப்பசி 10, செவ்வாய்

மழை விட்டது. ஜன்னலிலிருந்து மலை தெரிகிறது, மேல் பாதி மேகம். கும்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிவப்பு கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை. நர்ஸ் புதுக் கோடு போட்டு நேரம் எழுதினாள். காய்ச்சல் 101. சர்க்கரை 298.

மலையைப் பார்த்ததால் எழுதுகிறேன். எழுதிவைக்காவிட்டால் நானே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

புரட்டாசி கடைசிச் சனி. வேண்டுதல் என்னுடையது. அவருக்குச் சர்க்கரை இறங்கினால் இரண்டு பேரும் வெறுங்காலில் படியேறி வருகிறோம் என்று வேண்டியிருந்தேன். இறங்கியது. மாத்திரை செய்த வேலையைப் பெருமாள் பெயரில் வரவு வைத்தேன். அவர் செருப்போடு ஏறுகிறேன் என்றார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் புத்தலப்பட்டு டாக்டர், வீட்டுக்குள்ளேகூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். "சாமி மலையில போயி செருப்பாங்க?" என்றேன். கழற்றிப் பையில் போட்டார். சண்டை போடவில்லை. அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார்.

மேலே போய்ச் சேரும்போது உச்சி வெயில். கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் கல் கொதிக்கிறது. நான் ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நிழலுக்கு ஓடினேன். எல்லோரும் ஓடினார்கள். அவர் மட்டும் வெயிலில் நின்றுகொண்டு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார். கூப்பிட்டேன். "எனுக்கு சுடலியே" என்றார். மறுபடியும் கேட்டேன், சுடவே இல்லையா. "இல்லடி. பாய் மேல நிக்கிற மாதிரி கீது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெருமாள் அவர் பாதத்துக்கு அடியில் கை வைத்திருக்கிறார் என்று நம்பினேன். ஊருக்கு வந்து பதினோரு வீட்டில் சொன்னேன்.

சர்க்கரையில் நரம்பு செத்த கால் அது. சூடு தெரியாது, முள் தெரியாது. நேற்று டாக்டரம்மா சுதாவிடம் சொன்னதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல் அவரையும் சுட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மதியம் ஒரு நல்ல வேளை வந்தது. கெடுத்தேன்.

பக்கத்துக் கட்டில்காரர் பெயர் செங்கல்ராயன். வேர்க்கடலை விவசாயம். இரண்டு விரல் எடுத்தாயிற்று, நாளைக்கு வீட்டுக்குப் போகிறார். இவர் டிராக்டர் ஓட்டுகிறவர் என்று தெரிந்து அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"இன்னா டிராக்டரு, பயமா?"

இவர்: "எனுக்கு இன்னா பயம். பிரேக் மிதிக்கிற காலு, அதான்."

"விரலாலயா மிதிக்கிறே? பாதத்தால மிதி. எனுக்கு இப்ப எட்டுதான். நகம் வெட்டற வேல மிச்சம்."

இவர் சிரித்துவிட்டார். நான்கு நாளில் முதல் சிரிப்பு.

"என் பொண்டாட்டி செருப்புக் கடைல போயி கேட்டா, எட்டு விரலுக்கு வெல கம்மி பண்ணுவியான்னு. அவன் தொரத்திட்டான்."

இன்னும் சிரித்தார். வயிறு குலுங்கியது. பிறகு செங்கல்ராயன் துணியை விலக்கித் தன் காலைக் காட்டினார். இவர் எட்டிப் பார்த்தார், கையை நீட்டித் தொட்டுக்கூடப் பார்த்தார். "வலிச்சுதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டதே பெரிது. நான் அப்போது பிளாஸ்கைக் கழுவப் போயிருக்கலாம். போகவில்லை.

"பாத்தீங்களா? அவரு நல்லாத்தான இருக்காரு. இப்பவே நர்ஸக் கூப்பிடட்டுமா?" என்றேன்.

அவ்வளவுதான். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இவ சொன்னான்னு மலையேறினேன். இப்ப இவ சொன்னான்னு வெட்டிக்கணுமா?" என்று செங்கல்ராயனிடம் கேட்டார், என்னிடம் இல்லை. செங்கல்ராயன் தலை குனிந்து துணியைச் சரிசெய்தார்.

இரவுச் சாப்பாடு அவர்: இட்லி 1. நான்: இல்லை, செவ்வாய் விரதம்.


ஐப்பசி 11, புதன்

விடாத மழை. வராந்தா முழுக்க ஈரக்கால் தடம்.

இன்றைக்குப் பேசுவதில்லை என்று தீர்மானம். நாமம் மட்டும் மனசுக்குள். கஞ்சி நீட்டினேன், வாங்கினார். துண்டு நீட்டினேன், வாங்கினார். ஒன்பது மணிவரைக்கும் ஒரு வார்த்தை இல்லை. பிறகு அவரே, "இன்னா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா? இப்ப பேசாம இருந்துக்கினு உயிர வாங்கறியா?"

பேசினாலும் அது. பேசாவிட்டாலும் அது.

சிவப்பு மறுபடி கோட்டைத் தாண்டிவிட்டது. கணுக்காலுக்கு வந்தாயிற்று. டாக்டரம்மா இப்போது விரலைப் பற்றிப் பேசவில்லை. பாதத்தில் முன்பாதி என்கிறார். திங்கட்கிழமை விரல். புதன்கிழமை பாதிப் பாதம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னேன்ல" என்றார். சித்தப்பா கதைக்குச் சாட்சி கிடைத்துவிட்டது அவருக்கு. காத்திருந்ததால்தான் ஏறியது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். அது அவர் காதில் விழவில்லை.

செங்கல்ராயன் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "அம்மா, அவுரு கோவக்காரரு இல்ல, பயந்துகினு கீறாரு. கொஞ்சம் உட்டுப் புடிங்க." அவர் கட்டில் காலி. அந்தப் பக்கம் பார்த்துப் பேசவும் இப்போது ஆள் இல்லை.

சுதா வந்தாள். டிபன் கேரியரில் உப்புமா, தேங்காய்ச் சட்னி. நைனாவுக்குச் சட்னி வேண்டாம் என்றேன். படிக்கட்டுப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நீ ஏன் நைனாவ வெறுப்பேத்திக்கினே இருக்கே?"

"நான் இன்னா பண்ணேன்? பேசவே இல்ல இன்னிக்கு."

"அதுவும் வெறுப்பேத்தறதுதான். மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு, மலையப் பாத்து கும்புட்டுக்கினு. அவருக்கு மலையப் பாத்தாலே எரியுது, தெரியலியா?"

தெரியவில்லை. உண்மையில் தெரியவில்லை. சாமி படத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இதுவரை என் கணக்கில் சேர்ந்த சொற்கள், சொன்னவர்களோடு:

நச்சரிப்பது (அவர்). நோண்டுவது (நர்ஸ்). ஏத்திவிடுவது (முனிரத்தினம்). வெறுப்பேத்துவது (சுதா). உயிரை வாங்குவது (அவர், இன்று). விட்டுப்பிடிக்கத் தெரியாதது (செங்கல்ராயன், மரியாதையாக). இன்னொன்று டாக்டரம்மா சுதாவிடம் சொன்னது, முத்தவுட்டுட்டாங்க என்று சுதா தமிழில் எனக்குச் சொன்னாள். முற்றவிட்டது.

எல்லாம் ஒரே பொருள் என்று முதலில் எழுதினேன். இல்லை. நோண்டுவது விரல் செய்கிற காரியம். நச்சரிப்பது வாய் செய்வது. வெறுப்பேற்றுவதற்கு முகம் போதும். முற்றவிடுவதற்கு எதுவுமே செய்ய வேண்டாம், தெரிந்துகொண்டு சும்மா இருந்தால் போதும். மற்றதை எல்லாம் எல்லோரும் பார்த்தார்கள். கடைசியைச் செய்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மலையிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எதிர் சீட்டில் காலை நீட்டித் தூங்கினார். கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம். புளியங்கொட்டை அளவு. பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகப் பதினோரு வீட்டுக்கும் போனேன். கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் போனேன். பிரசாதம், களைப்பு போகும் என்று சொல்லி விளக்கெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தினமும் தடவினேன். அவருக்குத்தான் அங்கே உணர்ச்சி இல்லையே, கொப்புளம் உடைந்தது தெரியவில்லை. ஆறு நாள். டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால் சுட்டது என்று ஆகிவிடும். சுட்டது என்று ஆனால் நான் சொன்னது என்ன ஆகும்? ஏழாம் நாள் அவருக்கே வாடை அடித்தது.

சர்க்கரை 331. காய்ச்சல் 102.


ஐப்பசி 12, வியாழன்

மழை வெறித்தது. புழுக்கம். குழாயில் தண்ணீர் எட்டு மணிக்கு மேல் இல்லை. ஒரு பக்கெட் பிடித்து வைத்தேன்.

சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று எழுத வேண்டும். என் மேல் இருக்கும் கோபத்தால் டாக்டரம்மா மேல் கோபப்படுகிறார் என்று நினைத்தேன். முழுக் கோபமும் என் மேல் வந்துவிட்டால், டாக்டரம்மா சொல்வதைத் தனியாகக் கேட்பார் என்று நினைத்தேன். இது பாதி. மீதி, எனக்குத் தாங்கவில்லை.

காலை மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது. பக்கத்தில் முனிரத்தினம் மட்டும். கொப்புளத்தைப் பஸ்ஸிலேயே பார்த்தேன் என்றேன். மஞ்சள் பிரசாதம் இல்லை, நானே குழைத்தது என்றேன். ஆறு நாள் என்றேன்.

அவர் டியூபில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்லயேவா?"

"ஆமாங்க."

"பாத்துட்டு, அப்பால போயி ஊருக்கெல்லாம் சொன்னியா? சாமி கைய வெச்சாருன்னு?"

"ஆமாங்க."

"ஊருக்குச் சொன்னே. எனுக்குச் சொல்லல."

மன்னிச்சிடுங்க, எம்மேல எவ்ளோ கோவம் வேணா படுங்க, கையெழுத்து மட்டும் போட்டுடுங்க என்றேன். அந்தக் கடைசி வார்த்தை வாயில் வந்திருக்கக் கூடாது. அது வந்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"ஓ. அதுக்குத்தான் சொன்னியா. இதுவும் அதுக்குத்தானா." பிறகு தம்பியிடம்: "முனிரத்தினம், இவள வெளிய போவச் சொல்லு. இனிமே எங்கிட்ட பேச வேணாம்."

முனிரத்தினம் வராந்தாவரைக்கும் கூடவே வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "இன்னிக்கு வேணாம்னு யாராவது சொல்லிருக்கணும் உங்களுக்கு, அண்ணி. புண்ணு மேல புண்ணு கீறிட்டீங்க" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். கையில் வைத்திருந்தேன், ஆறிப்போனது.

இன்றைய சொல்: கீறுவது.

மாலை டாக்டரம்மா இன்னொரு டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு கெண்டைக்காலில். போட்ட நீலக் கோடு மூன்று, மூன்றையும் தாண்டியாயிற்று. இப்போது பாதம் இல்லை. முட்டிக்குக் கீழே. நாளை எடுத்தால் முட்டி மிஞ்சும், கட்டைக்கால் வைத்து நடக்கலாம். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் கலந்துவிடும், எடுத்தும் பிரயோஜனம் இருக்காது. கதவருகில் நின்று கேட்டேன். உள்ளே போகவில்லை. "ரேப்பு பதகொண்டு லோபல செப்பண்டி" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். நாளை பதினோரு மணிக்குள் சொல்லுங்கள் என்று.

சுதா காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புண் இல்லாத காலை. அவர் அவள் தலையைத் தடவினார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அம்மா சொல்லிக் குடுத்தாளா?" என்று மட்டும் கேட்டாராம்.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் இனி யார் எதைச் சொன்னாலும் நான் சொல்லிக்கொடுத்தது என்றுதான் இருக்கும். அவர் பிழைக்க வேண்டும் என்று உலகத்தில் யார் சொன்னாலும் அதில் என் குரல்தான் கேட்கும் அவருக்கு. அந்த அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

சர்க்கரை 347. காய்ச்சல் 103. நாமம் சொல்ல உட்கார்ந்தேன், எண்ணிக்கை பாதியில் தவறிப்போனது. திரும்ப ஆரம்பிக்கவில்லை.


ஐப்பசி 13, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை. மணி ஏழு.

சுதா உள்ளே. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில். கஞ்சியைச் சுதா கையில் கொடுத்தனுப்பினேன். யார் வைத்தது என்று கேட்டாராம். கேன்டீன் என்றிருக்கிறாள். இரண்டு வாய் குடித்திருக்கிறார்.

கொஞ்சம் பிதற்றல். டிராக்டர் சாவியைக் கேட்டார் என்கிறாள். பிறகு தெளிந்துவிட்டார். தெளிவாக இருக்கும்போதே போட்டால்தான் உண்டு என்கிறாள் நர்ஸ். அவளே இன்று என் தோளில் கை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளிக்கவில்லை. பூ இல்லை. முதல் தடவை.

பெருமாளிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்டதைக் கொடுத்துவிடுவாரோ என்று பயம்கூட இருக்கிறது.

பேசக் கூடாது என்று சொன்னார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் தெலுங்கு. எனக்கு மூன்றாவதுவரை அந்தத் தெலுங்கு, தமிழ் நானாகப் படித்தது. அதனால் சுதாவின் நோட்டில் ஒரு தாள் கிழித்துத் தெலுங்கு எழுத்தில், கண்ணாடி இல்லாமலும் அவருக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினேன். நான்கு தடவை எழுதினேன். முதலில் மன்னிப்பு இருந்தது, எடுத்துவிட்டேன். பிறகு டிராக்டரை விற்க வேண்டாம், கையால் பிரேக் பிடிக்கிற மாதிரி மாற்றித் தருவார்களாம் என்று இருந்தது, அதுவும் வற்புறுத்தல்தான் என்று எடுத்தேன். பிறகு சுதாவுக்காக என்று இருந்தது. அதையும் எடுத்தேன். மிஞ்சியது இவ்வளவுதான். மணி ஒன்பது பத்துக்குச் சுதா உள்ளே கொண்டுபோனாள். நகல்:

"போடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் கால், உங்கள் உயிர். என்னிடம் சொல்ல வேண்டாம், டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள். அவர்கள் பதினோரு மணிவரைதான் காத்திருப்பார்கள். சரி அல்லது இல்லை, ஒரு வார்த்தை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."